தீயுறதுக்கு முந்தின நொடி

போன ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா ராகி வறுத்துக்கொண்டிருந்தார். என் மகனுக்குக் கூழ்மாவு. மூன்று நான்கு நாள் வேலை அது. ராகியை நாலு தண்ணீர் விட்டுக் கழுவி, கல் அரித்து, இரவு ஊறப்போட வேண்டும். மறுநாள் வடித்து, பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டால், வெயில் காலத்தில் ஒரே நாளில் துணியின் இழை வழியாக முளை எட்டிப் பார்க்கும். மழை நாளில் இன்னொரு நாள் பிடிக்கும். அப்புறம் நிழலில் உலர்த்தல். கடைசியாக இரும்புச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக வறுப்பு.

அன்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பேச்சு மும்முரத்தில் அம்மாவின் கை ஒரு கணம் நின்றுவிட்டது. "கண்ணு, அடுப்ப நிறுத்து, நிறுத்து" என்றார். நான் எட்டி நிறுத்துவதற்குள் அந்த ஈடு ஒரு நிறம் கூடிப்போயிருந்தது. அம்மா ஒரு சிட்டிகை எடுத்து ஊதி வாயில் போட்டார். "தீயல. இன்னும் ஒரு நொடி விட்டிருந்தா தீஞ்சிருக்கும்." நானும் ஒரு சிட்டிகை மென்றேன். முதலில் கசப்பு, அடியில் ஒரு தித்திப்பு, விழுங்கிய பிறகு காப்பித்தூள் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு வாசம். பெங்களூரில் நான் தேடித் தேடிப் போய்க் குடிக்கும் கறுப்பு பீரின் வாசம் அப்படியே அதில் இருந்தது.

"இந்த ஈட்ட எனக்குத் தனியா எடுத்து வெய்யும்மா" என்றேன்.

இந்தப் பதிவு அந்தக் கறுப்பு பீரைப் பற்றியது. ஸ்டவுட், போர்ட்டர் என்று இரண்டு பெயரில் வரும். கடுமையான, கனமான, கறுத்த பீர்.

சேலம் பக்கம் எங்கள் வாழப்பாடியில் பீர் என்றால் என்ன? 650 மில்லி பாட்டில், பொன்னிறம், உள்ளே ஒன்றும் தெரியாத அளவுக்கு ஜில்லிப்பு. கடையில் கேட்கும் முதல் கேள்வியே "கூலிங் இருக்கா?" என்பதுதான். என்ன பீர் என்பது இரண்டாவது. பங்குனி, சித்திரை வெயிலில் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவ்வளவு ஜில்லிப்பில் நாக்கு மரத்துப்போகும். வாசனை மேலே எழும்பாது. குடிப்பவருக்கு மிஞ்சுவது குளிர்ச்சியும் போதையும் மட்டும்தான்.

"ஸ்ட்ராங்" என்ற சொல்லுக்கும் இதே கதி. நம் நாட்டு உணவுத் தர ஆணையத்தின் கணக்கில் 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை ஆல்கஹால் இருந்தால் அது ஸ்ட்ராங் பீர். சட்டத்துக்கு அது போதும். அந்த எட்டு சதவீதம் எதிலிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. பார்லி முளையை நிறையப் போட்டு அதன் சர்க்கரையிலிருந்து வந்தால், கூடவே கனமும் மணமும் வரும். அரிசி, மக்காச்சோளம், வெறும் சர்க்கரை என்று மலிவான வழியில் ஏற்றினால் ஆல்கஹால் மட்டும் ஏறும். பீர் தண்ணீராகவே இருக்கும். காப்பியில் ஸ்ட்ராங் என்றால் டிகாக்‌ஷன் கெட்டியாக இருக்கிறது என்று அர்த்தம். தலை சுற்றும் என்று அர்த்தமில்லை. பீருக்கும் அந்த அர்த்தம் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இதை எழுதும்போது சித்தப்பா ஞாபகம் வராமல் இருக்காது. 47 வயதில் ஈரல் கெட்டுப் போனார். சித்தி பாக்கு உரிக்கிற கூலியில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். எங்கள் வீட்டில் "குடி" என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். முப்பது வயதுவரை நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. அதனால் ருசி என்று நான் சொல்லும்போது அதன் மறுபக்கம் தெரியாமல் சொல்லவில்லை.

ஊரின் வரலாறும் அப்படித்தான். 1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். மாகாணம் முழுவதும் அல்ல. முதலில் ஒரே ஒரு மாவட்டத்தில், அவர் வக்கீலாக இருந்த, நகராட்சித் தலைவராக இருந்த சேலத்தில். கள்ளுக்கடை, சாராயக்கடை ஏலத்தில் வந்த பணம் நின்றதும், அந்த ஓட்டையை அடைக்க 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. மதுவிலக்கு பிறகு வந்தது, போனது. 1948இல் மாகாணம் முழுக்க, 1971இல் தளர்வு, மறுபடி தடை, 1981இல் மறுபடி திறப்பு. 1983இல் டாஸ்மாக் நிறுவனம், 2003இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு. இத்தனை திருப்பங்களிலும் பேச்சு ஒன்றுதான்: கடை திறக்கலாமா, மூடலாமா. என்ன குடிக்கிறோம், அது எப்படி இருக்கிறது என்று கேட்க இடமே இருந்ததில்லை.

எனக்கு அந்தக் கேள்வி பெங்களூரில்தான் வந்தது. இந்திரா நகர் நூறடி சாலையில் 2010இல் திறந்த டாயிட் என்ற இடம். அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் கடைகளில் பெங்களூரின் முன்னோடிகளில் ஒன்று. அதற்கு ஒரு வருடம் முன் புனேயில் டூலாலி தொடங்கியிருந்தது. கூட வேலை பார்த்த ஆத்தூர் நண்பன் என்னைக் கூட்டிப் போனான். பீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எலுமிச்சை ஜூஸோடு உட்கார்ந்திருந்தேன். அவன் முன்னால் ஒரு கிளாஸ் வந்தது. டார்க் நைட் என்று பெயர். டிகாக்‌ஷன் நிறம், மேலே இளம் பழுப்பில் நுரை.

"குடிக்க வேண்டாம் மாப்ள. மோந்து மட்டும் பாரு" என்றான்.

மோந்து பார்த்தேன். சின்ன வயதில் அப்பாவோடு சேலம் போகும்போதெல்லாம் காப்பி வறுக்கும் கடை வாசலில் நின்று அரைக்கிலோ வாங்குவோம். ஏற்காட்டுக் கொட்டை. உருளை சுற்றிச் சுற்றி, கடைசியில் கதவைத் திறந்து தட்டில் கொட்டும்போது புகையோடு ஒரு மணம் வரும் பாருங்கள், அது அந்தக் கிளாஸுக்குள் இருந்தது. ஒரு மிடறு குடித்தேன். அதற்கு மேல் குடிக்கவில்லை. ஆனால் அன்றிரவு முழுக்க என் யோசனை ஒன்றுதான்: பார்லியில் எப்படிக் காப்பி மணம் வந்தது?

பதில் எளிது. வறுத்ததால் வந்தது. ஆனால் அந்த வறுப்புக்குப் பின்னால் நல்ல கதை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் மூட்டை தூக்கும் தொழிலாளிகள் விரும்பிக் குடித்த கறுப்பு பீருக்கு அவர்கள் பெயரே வந்தது. போர்ட்டர். சேலம் ஜங்ஷனில் சிவப்புச் சட்டை போட்டு மூட்டை தூக்குகிறாரே, அதே போர்ட்டர்தான். அதில் கடுமையானதை ஸ்டவுட் போர்ட்டர் என்றார்கள். பிறகு போர்ட்டர் உதிர்ந்து ஸ்டவுட் மட்டும் நின்றது. அந்தக் காலத்தில் பார்லி முளையை விறகுத் தீயில் பழுப்பாக வாட்டுவார்கள். நிறம் வரும், ஆனால் சர்க்கரை குறைந்துபோகும். திரவத்தின் அடர்த்தி பார்க்கும் கருவி பீர் ஆலைகளுக்கு வந்தபோதுதான் எவ்வளவு வீணாகிறது என்று தெரிந்தது. உடனே வெளிர் முளைக்கு மாறினார்கள். அப்போது கறுப்புக்கு என்ன செய்வது? எரித்த சர்க்கரையைக் கலந்தார்கள். 1816இல் பிரிட்டிஷ் சட்டம் அதைத் தடுத்தது. அடுத்த வருடமே, 1817இல், டேனியல் வீலர் என்பவர் காப்பி வறுக்கும் உருளையைப் போன்ற இரும்பு உருளையில் பார்லி முளையைச் சுற்றிச் சுற்றி வறுத்து, தீயுறதுக்கு முன் நிறுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு பிடி போட்டால் அண்டா முழுக்கக் கறுக்கும். ஆக, எனக்கு அந்தக் கிளாஸில் காப்பிக் கடை மணத்தது தற்செயல் அல்ல. கருவியே அங்கிருந்து வந்ததுதான்.

முளைக்கு என்ன அவசியம் என்று கேட்பீர்கள். தானியம் முளைவிடும்போது தன் மாவைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. முளைகட்டிய ராகிக் கூழ் சாதாக் கூழைவிட இளகலாகவும் லேசாகத் தித்திப்பாகவும் இருப்பது அதனால்தான். பச்சைக் குழந்தைக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அம்மாவுக்கு யாரும் வேதியியல் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்லிக்குச் செய்வதும் இதேதான்: ஊறல், முளை, உலர்த்தல், வறுவல். புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் கொடுக்கும் வினையை 1912இல் மேயார் என்ற பிரெஞ்சுக்காரர் விளக்கி எழுதினார். ரொட்டியின் மேல்தோல், முறுகல் தோசை, வறுத்த காப்பி எல்லாம் அந்த வினைதான்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேலத்தில் மேக்னசைட் வெட்டும் வெள்ளைக்கல் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கம் பல போர்வெல்களில் வருவது பருப்பு வேகாத தண்ணீர். டப்ளின், லண்டன் தண்ணீரும் அப்படிக் கடினமானதுதான். கடினத் தண்ணீரில் வெளிர் பீர் காய்ச்சினால் கசப்பு முரடாகிவிடும். கருக வறுத்த முளைக்குக் கொஞ்சம் புளிப்புத் தன்மை உண்டு. அது தண்ணீரின் காரத்தைச் சமன் செய்துவிடும். அதனால் அந்த ஊர்களில் கறுப்பு பீர் செழித்தது, மென்தண்ணீர் ஊரான பில்சனில் பொன்னிற பீர் பிறந்தது. ஊர்த் தண்ணீர் உத்தரவிட்டு உருவான ருசி. இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கடுமைக்கும் காரணம் உண்டு. லண்டனில் த்ரேல் என்பவரின் பீர் ஆலையிலிருந்து ரஷ்யப் பேரரசி கேத்தரினின் அரண்மனைக்கு ஸ்டவுட் போனது. கனமாகவும் கடுமையாகவும் காய்ச்சிய பீர் நெடுநாள் கெடாது. அதற்கு இம்பீரியல் ஸ்டவுட் என்ற பெயர் நிலைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகளுக்கும் பீப்பாய் பீப்பாயாகப் போர்ட்டர் கப்பலேறி வந்தது. இந்தியா என்றதும் எல்லோரும் வெளிர் ஏல் என்ற பீரைத்தான் சொல்வார்கள். சிப்பாய் குடித்தது பெரும்பாலும் கறுப்பு.

இனி நான் சொல்லவந்த பீருக்கு வருகிறேன். அது லண்டனிலும் இல்லை, பெங்களூரிலும் இல்லை. நுவரெலியாவில் பிறந்தது. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1849இல் அந்த மலையில் ஒரு பீர் ஆலை வைத்தார். பிற்பாடு ஆப்பிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய் 1864இல் ஆல்பர்ட் ஏரியைக் கண்ட அதே பேக்கர். அந்த மரபில் வந்ததுதான் லயன் ஸ்டவுட். 8.8 சதவீதம்.

சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு நுவரெலியா போனேன். மதியத்திலேயே குளிர். மழைத்தூறல். தங்கிய இடத்தில் பரிமாறிய பெரியவர் தமிழர். பேச்சுக் கொடுத்ததில், "சேலம் பக்கம்னுதான் எங்க பாட்டன் சொல்லுவாரு ஐயா. எந்த ஊருன்னு தெரியாது" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. 19ஆம் நூற்றாண்டில் திருச்சி, மதுரை, சேலம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன ஜனம். முதலில் போனது தேயிலைக்கு அல்ல, காப்பித் தோட்டத்துக்கு. 1869இல் துருநோய் விழுந்து காப்பி அழிந்த பிறகுதான் அந்த மலை தேயிலை மலையானது. பேக்கரின் ஆலை எழுந்த காலத்தில் அந்தச் சரிவுகளில் நின்றது காப்பிச் செடி. அதை நட்டுப் பறித்த கைகளில் எங்கள் ஊர்க் கைகளும் இருந்தன.

பெரியவர் பாட்டிலைத் திறந்து கொண்டுவந்து வைத்தார். ஃப்ரிட்ஜில் வைக்காத பாட்டில். "இத ஐஸ்ல வெச்சா வீணாப்போகும் ஐயா" என்றார். மூன்று நாள் பயணத்தில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் அதுதான்.

இப்போது அந்த பீர் கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவில் காய்ச்சப்படுகிறது. மலையிலிருந்து இறங்கிப் பல வருடம் ஆகிறது. இந்த பீரை உலகத்துக்குச் சொன்னவர் மைக்கேல் ஜாக்சன். பாட்டுக்காரர் அல்ல, 1977இல் உலக பீர்களைப் பற்றிய பெரிய நூலை எழுதிய ஆங்கிலேயர். அவர் இலங்கைக்கே போய்க் குடித்துப் பார்த்து, இது உலகத் தரமான ஸ்டவுட் என்று எழுதினார். அவர் படத்தையே பாட்டில் லேபிளில் போட்டார்கள். இலங்கையில் இன்னொரு பழைய ஸ்டவுட்டும் உண்டு, சாண்டோ என்று பெயர். ஒரு பலசாலியின் பெயர். நம் சாண்டோ சின்னப்பா தேவருக்குப் பட்டமாக வந்த அதே பெயர். வெப்ப நாடுகளின் இந்த வகைக்கு டிராபிகல் ஸ்டவுட் என்று தனி வகுப்பே வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் லாகர் ஈஸ்ட்டை, அதற்குப் பழக்கமில்லாத வெதுவெதுப்பில் நொதிக்க விடுவதால் பழ வாசம் ஏறும். தித்திப்பும் கொஞ்சம் கூடும். அயர்லாந்து ஸ்டவுட்டின் வறட்சி இதில் இருக்காது.

எப்படி ருசி பார்ப்பது? என் முறையைச் சொல்கிறேன். குளிர்ப்பெட்டியில் இருந்தால் எடுத்து வெளியே அரை மணி நேரம் வையுங்கள். 10 முதல் 13 டிகிரி போதும், கையில் பிடித்தால் குளிர்ச்சி தெரியும், வலிக்காது. கிளாஸ் வயிறு அகன்று வாய் குறுகியதாக இருக்கட்டும், நம் சொம்பு மாதிரி. வாசனை உள்ளே தங்கும். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், உலோக வாசம் ஏறும். கால் கிளாஸ் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பு என்று நினைத்தது ஓரத்தில் மாதுளம்பழச் சிவப்பாகத் தெரியும். நுரை வெல்லப் பாகு பொங்கும்போது வரும் நிறத்தில் இருக்கும்.

முதல் மோப்பத்தில் காப்பியும் கொக்கோவும். அவசரப்படாமல் கிளாஸைச் சுற்றி மறுபடி மோந்தால் அடியிலிருந்து பேரீச்சை, அதிகம் பழுத்த வாழைப்பழம். லயன் ஸ்டவுட்டில் எனக்கு எப்போதும் அதிமதுரம் தெரியும், இருமலுக்குப் பாட்டி வாயில் அடக்கக் கொடுக்கும் குச்சியின் அந்த மண்வாசம் கலந்த இனிப்பு. பிறகு சின்ன மிடறு. வாயில் இரண்டு நொடி நிறுத்துங்கள். கனம் தெரியும், இளகிய கூழ் மாதிரி நாக்கில் படியும். தித்திப்பு நாக்கு நுனியில் தொடங்கி, நடுவில் கசப்பாகி, விழுங்கும்போது தொண்டையில் மிளகு ரசத்தின் சூடு. கடைசியாகக் கன்னத்தின் உள்பக்கம் லேசாக இறுக்கும். அதுதான் துவர்ப்பு.

இந்தத் துவர்ப்பு விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு அனுகூலம் உண்டு. வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் பாக்குத் தோப்பு. பாக்கை உரித்து அண்டாவில் வேகவைக்கும் நாளில் தெருவெல்லாம் அந்த வாசம். அண்டாத் தண்ணீர் கருஞ்சிவப்பாகிவிடும். அதில் விரல் தொட்டு நக்கி அடிவாங்கிய பிள்ளைகள் நாங்கள். கசப்பையும் துவர்ப்பையும் எங்கள் நாக்கு தனித்தனியாகப் பிரிக்கும். பெங்களூரில் ருசி பார்க்கும் கூட்டங்களில் நண்பர்கள் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்குவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல ஸ்டவுட்டில் கசப்பு நீண்டு, துவர்ப்பு சட்டென்று விலக வேண்டும். முளையைக் கருக்கிவிட்டவனின் பீரில் துவர்ப்பு போகவே போகாது. சாம்பல் நக்கிய மாதிரி இருக்கும்.

கால் மணி நேரம் கழித்து அதே கிளாஸை மறுபடி மோந்து பாருங்கள். காப்பி பின்னால் போய்ப் பழம் முன்னால் வந்திருக்கும். ஒரு கிளாஸுக்குள் இரண்டு மூன்று பீர் இருக்கிறது. மடக்கென்று குடிப்பவருக்கு ஒன்றுதான் கிடைக்கும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், சித்தப்பாவின் நினைவாக. 625 மில்லி லயன் ஸ்டவுட்டில் 55 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. கடையில் விற்கும் 42.8 சதவீத பிராந்தியில் கிட்டத்தட்ட 130 மில்லிக்குச் சமம், அதாவது குவார்ட்டரில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. பீர்தானே என்று ஒருவர் ஒரு பாட்டில் குடிப்பது சரியல்ல. நாங்கள் ஒரு பாட்டிலை மூன்று பேர் ஒன்றரை மணி நேரம் குடிப்போம். அன்றைக்கு வண்டி எடுப்பதில்லை. கொழும்பிலிருந்து வரும்போது தீர்வை இல்லாமல் கொண்டுவர அனுமதி 2 லிட்டர். மூன்று பாட்டில் சேர்ந்தால் 1,875 மில்லி. அந்த மூன்றும் எங்களுக்கு ஒரு வருடம் வரும்.

கறுப்பெல்லாம் வறுத்த முளையால் வருவதும் அல்ல. பெல்ஜியத்தில் துறவிகள் காய்ச்சும் கறுத்த பீர்கள் வேறு வழி. ரோஷ்ஃபோர் 10 என்று ஒன்று 11.3 சதவீதம், ஷிமே நீலம் 9 சதவீதம். இந்த வகையில் நிறமும் உலர்ந்த திராட்சை மணமும் பெரும்பாலும் கருகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகிலிருந்தும் ஈஸ்ட்டிலிருந்தும் வருகின்றன. ஓமலூர் பக்கம் ஆலை ஓடும் நாளில் கொப்பரையின் ஓரத்தில் ஒட்டிக் கறுத்த பாகைச் சுரண்டித் தின்றவர்களுக்கு இதன் முதல் மிடறிலேயே ஊர் ஞாபகம் வரும். காப்பி மணமே இருக்காது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வறுத்த கறுப்பும் காய்ச்சிய கறுப்பும் எவ்வளவு தூரம் என்று புரியும்.

கெட்ட பீரைக் கண்டுபிடிக்கவும் ஊர் மூக்கு உதவும். எங்கள் பக்கம் சேகோ மில்களில் மரவள்ளித் திப்பி காயும். மழையில் நனைந்து புளித்தால் ஒரு வாசம் வரும், ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெங்களூரில் ஒரு கடையில் கொடுத்த போர்ட்டரில் அந்த வாசம் வந்தது. பாக்டீரியா புகுந்திருந்தது. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் காற்றுப்பட்டுப் பழசாகிவிட்டது. வெண்ணெய் உருக்கும் வாசம் தூக்கலாக இருந்தால் ஈஸ்ட் வேலை முடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

கூட என்ன சாப்பிடலாம்? லண்டனிலும் அயர்லாந்திலும் ஸ்டவுட்டோடு சிப்பி சாப்பிடுவார்கள். என் தேர்வு பள்ளிபாளையம் சிக்கன். வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, மசாலா அதிகமில்லாமல் சுருள வதக்கியது. கறியின் முறுகலும் பீரின் வறுவலும் ஒரே ஜாதி. முளையின் தித்திப்பு மிளகாயைத் தணிக்கும். ஆனால் மிளகாயைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லுங்கள், ஆல்கஹால் காரத்தைத் தூண்டிவிடும். சாப்பாடு முடிந்தபின் என்றால் எள்ளுருண்டை. கறுப்பு எள்ளு, வெல்லம், ஒரு மிடறு ஸ்டவுட். இதைச் சொல்லி நான் மாற்றிய நண்பர்கள் அதிகம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்பவர்களுக்குப் பெரும்பாணாற்றுப்படையைக் காட்டுவேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பில் தானிய மது காய்ச்சுவதைப் படிப்படியாகச் சொல்கிறார். அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவிட்டு, நொதிக்கும் அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். ஒரு சமையல் குறிப்பின் நுணுக்கம் அதில் இருக்கிறது. தானியத்துக்கும் எல்லை இல்லை. நைஜீரியா 1988இல் பார்லி முளை இறக்குமதியைத் தடுத்தபோது அங்கே கின்னஸை உள்ளூர்ச் சோளத்தில் காய்ச்சத் தொடங்கினார்கள். நம் மானாவாரிக் காட்டில் விளையும் அதே சோளம்.

தமிழ்நாட்டில் இப்படி அங்கேயே காய்ச்சி ஊற்றும் இடம் இல்லை. புதுச்சேரியில் கேட்டமரான் என்ற மதுக்கூடம் இருக்கிறது, இந்தப் பக்கம் பெங்களூர். காய்ச்சுகிற ஆளை முன்னால் வைத்துக்கொண்டு, வெளிச்சமான இடத்தில், குடும்பத்தோடு உட்கார்ந்து, ஒரு கிளாஸ் மட்டும் குடித்துவிட்டு எழுந்து போகக்கூடிய இடம் நம் ஊர்களில் இல்லாததால்தான் குடி என்றால் சந்து, அவசரம், அழுக்கு என்று ஆகிவிட்டது. சித்தப்பா போனது அந்தச் சந்து வழியாகத்தான்.

அம்மா தனியாக எடுத்து வைத்த ராகியைப் பெங்களூருக்குக் கொண்டுபோனேன். எனக்குத் தெரிந்த ஒரு பீர் காய்ச்சுபவர், கன்னடக்காரர், ஒரு பிடி அள்ளி மென்றார். நீண்ட நேரம் மென்றார். தன் அம்மா ராகியில் செய்யும் ஹுரிஹிட்டு மாவு ஞாபகம் வருகிறது என்றார். ஸ்டவுட்டில் ஒரு முறை போட்டுப் பார்க்கலாமா, இருபத்தைந்து கிலோ கிடைக்குமா, இதே நிறத்தில் வேண்டும் என்றார்.

அன்றிரவே அம்மாவுக்குப் போன் செய்தேன். எதற்கு என்றும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கோழி கூண்டில் அடையும் சத்தம் மட்டும் கேட்டது.

"இருபத்தஞ்சு கிலோவெல்லாம் என் சட்டில ஆகாது கண்ணு. அந்தத் தம்பிய ஒரு நாளைக்கு இங்க கூட்டிட்டு வா. எப்ப எறக்கணும்னு காட்டுறேன். அது சொன்னா வராது, பாத்தாத்தான் வரும்."